இருவராக ஏரிக்கரையில் மீன்பிடி விடுதி கட்ட முடியுமா? கட்டில் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருக்கு 36 வயது, மனைவிக்கு 33. வடமேற்கு ஒன்ராறியோவில் தெரு போகாத ஓர் ஏரிக்கரையில் ஐந்து ஏக்கர் உறுதிக்காணி விலைக்கு வந்திருக்கிறது. கூரை விழுந்த பழைய கபின் ஒன்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஏரி ஏறக்குறைய 600 ஹெக்டேர். இருவரும் வேலையை விட்டுவிட்டு, தங்கள் கையாலேயே நான்கு கபின் கட்டி, 16 பேர் தங்கும் மீன்பிடி விடுதி நடத்தலாமா, எத்தனை வருடம் எடுக்கும் என்று கேட்கிறார். அவர் தச்சுவேலை தெரிந்தவர். மனைவி உணவகம் ஒன்றில் குசினியைப் பொறுப்பாக நடத்தியவர். ஆகவே கை வேலையைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. இருக்கிற சேமிப்பும் உடம்பில் உள்ள தெம்பும் தீர்ந்துபோக முதல் அந்த இடம் சொந்தக் காலில் நிற்குமா என்பதைத்தான் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் அதே வடமேற்கு ஒன்ராறியோவில், கெனோரா என்ற ஊரில் 19 வருடமாக இருக்கிறேன். கட்டட வேலை, கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்க் குழாய், சோலார் என்று தூர ஏரிகளில் உள்ள விடுதிகளுக்குப் போய் வேலை செய்வதுதான் என் பிழைப்பு. சொந்தமாக விடுதி நடத்தியதில்லை. அதனால் கட்டுவது, சாமான் ஏற்றுவது, தண்ணீர், கழிவு பற்றி நான் சொல்வதை நம்பி எடுக்கலாம். வாடிக்கையாளர், விலை பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்வது, அவ்வளவுதான். வரிக்கு ஒரு கணக்காளரும் காணிக்கு ஒரு சட்டத்தரணியும் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

முதலில் அந்த 16 என்ற எண்ணுக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது? நான்கு கபின், கபினுக்கு நான்கு கட்டில் என்று கடதாசியில் அழகாக வந்திருக்கும். ஆனால் எத்தனை கட்டில் போடலாம் என்பதை ஏரிதான் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஏரிகள் கருங்கல்லுக்குள் கிடப்பவை. கல் கரையாது, கரையாததால் தண்ணீரில் சத்து குறைவு, சத்து குறைந்தால் மீன் மெதுவாகத்தான் வளரும். ஒரு பிக்கரல், அமெரிக்கர் வால்ஐ என்று சொல்கிற அதே மீன், 40 சென்ரிமீற்றர் வர இங்குள்ள பல ஏரிகளில் ஐந்தாறு வருடம் எடுக்கும். ரைடர் என்ற மீன்வள ஆய்வாளர் 1965இல் ஒரு சின்னக் கணக்கைச் சொன்னார்: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புச் சத்தின் அளவை ஏரியின் சராசரி ஆழத்தால் வகுத்தால், அந்த ஏரி எவ்வளவு மீன் தரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆழம் குறைந்து சத்துக் கூடிய ஏரி அதிகம் தரும். ஆழமான, கண்ணாடி போன்ற ஏரி பார்க்க அழகாக இருக்கும், மீன் குறைவாகத் தரும். மனக்கணக்குக்கு, பிக்கரல் மட்டும் என்றால், ஹெக்டேருக்கு வருடம் ஒரு கிலோ என்று வைத்துப் பாருங்கள். உங்கள் ஏரிக்கு 600 கிலோ வரும். ஏரிக்கு ஏரி இது மாறும், பாதியாகவும் இருக்கலாம். தொடங்குவதற்கு இந்த எண் போதும்.

இனி 16 கட்டிலை நிரப்பிப் பார்ப்போம். பருவம் 16 கிழமை என்றால் ஆளுக்கு ஒரு கிழமை வீதம் 256 பேர் வந்து போவார்கள். இங்கே பெரும்பாலான இடங்களில் வழமையான மீன்பிடி உரிமம் எடுத்தவர் நான்கு பிக்கரல் வரை வைத்திருக்கலாம், குறைவாக மீன் வைத்திருப்பதற்கான பாதுகாப்பு உரிமம் எடுத்தவர் இரண்டு. எல்லாரும் நான்கு கொண்டுபோனால் 1,024 மீன். அதோடு, தங்கியிருக்கும் நாட்களில் கரையில் அடுப்பு மூட்டிப் பொரித்துச் சாப்பிடுவதற்கு ஆளுக்கு மூன்று மீன் என்றால் இன்னும் 768. ஒரு மீன் 700 கிராம் என்று பிடித்தால் மொத்தம் 1,250 கிலோவைத் தாண்டும். ஏரி தருவதைப் போல இரண்டு மடங்கு. முதல் மூன்று வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் பல வருடச் சேமிப்பு தண்ணீருக்குள் இருக்கிறது. நாலாம், ஐந்தாம் வருடம் பெரிய மீன் வராது. பழைய விருந்தினர் மறுபடி வரமாட்டார்கள். எட்டுக் கட்டில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோவது ஆளுக்கு இரண்டு மட்டும் என்று விடுதியே ஒரு விதி வைத்தால் 640 மீன், 450 கிலோவுக்குக் கிட்ட. இது தாங்கும். பிடித்துத் திரும்ப விட்ட மீன்களிலும் ஒரு பகுதி சாகும், ஆழத்திலிருந்து இழுத்தது என்றால் கூடச் சாகும். அதற்கும் இடம் விட வேண்டும் அல்லவா?

நான் யாழ்ப்பாணக் கரையோரத்தில் பிறந்தவன். வலை இழுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு, இந்தப் பருவம் மீன் இல்லாவிட்டால் அடுத்த பருவம் வேறு இடத்திலிருந்து வந்து சேரும் என்ற நம்பிக்கை இரத்தத்தில் இருக்கும். ஏரிக்கு வேறு இடம் கிடையாது. அதில் உள்ளது அதுதான். இது எனக்கு விளங்க நாலைந்து வருடம் எடுத்தது.

ஏரியைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு தம்பதி ஒன்றுமில்லாத இடத்தில் மீன்பிடி விடுதி எழுப்பிய கதைகளில் எல்லாரும் அறிந்தது பார்னி லாம், மரியன் லாம் இருவரின் கதை. வாபிகூன் ஆறு இங்கிலிஷ் ஆற்றோடு சேரும் இடத்தில் போல் லேக் என்ற ஏரி இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் அங்கே விடுதியைத் தொடங்கினார்கள். பார்னி விமானி, கெனோராவில் ஒன்ராறியோ சென்ட்ரல் ஏர்லைன்ஸ் என்ற விமான நிறுவனத்தையும் அவர்தான் தொடங்கினார். சாமானும் விருந்தினரும் வானத்தால் வந்து இறங்கும் இடமாக அது வளர்ந்தது. பக்கத்தில் உள்ள கிராசி நாரோஸ் ஆதிக்குடி மக்கள் வழிகாட்டிகளாக அங்கே வேலை செய்தார்கள். அவர்களுக்கு அது பெரிய வருமானம். ஆற்றின் மேற்பகுதியில், ட்ரைடன் என்ற ஊரில், காகித ஆலையோடு சேர்ந்த இரசாயன ஆலை ஒன்று 1962 முதல் 1970 வரை ஏறக்குறைய 9 தொன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. நோர்வால்ட் ஃபிம்ரைட்டே என்ற ஆய்வாளர் இந்த நீர்நிலைகளின் மீனில் பாதரசம் ஏறியிருப்பதைக் கண்டறிந்தார். 1970இல் லாம் தம்பதி விடுதியை மூடினார்கள். மீனைப் பிடிக்கலாம், சாப்பிடாமல் விட்டால் போதும் என்பதுபோல அரசாங்கம் பலகை வைத்த காலம் அது. சில விடுதிகள் தொடர்ந்து நடந்தன. இவர்கள் விருந்தினருக்கும் வழிகாட்டிகளுக்கும் அந்த மீனைக் கொடுக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள், வழக்கும் வைத்தார்கள். மரியன் சேர்த்துவைத்த ஆவணங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. விடுதிக்காரர் தொழிலை இழந்தார்கள். கிராசி நாரோஸ் சனம் தொழிலையும் சாப்பாட்டையும் உடம்பையும் சேர்த்து இழந்தது, அது இன்றுவரை முடியவில்லை.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. காணி வாங்க முதல் பார்க்க வேண்டிய முதல் தாள் எது என்று விளங்கத்தான் சொன்னேன். எந்த ஏரியில், எந்த மீனை, எவ்வளவு நீளத்துக்கு மேல் மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. ஏரியின் பெயரைப் போட்டால் வரும். ஆலையே இல்லாத இடத்திலும் பாதரசம் இருக்கும். அணை கட்டி நிலம் மூழ்கிய ஏரிகளிலும், தேயிலைச் சாயம் போன்ற பழுப்புத் தண்ணீர் ஏரிகளிலும் கொஞ்சம் கூடவே இருக்கும். பெரிய மீனில் அதிகம், சின்ன மீனில் குறைவு. உங்கள் ஏரியில் பெரிய பிக்கரலுக்குக் கடுமையான எச்சரிக்கை இருந்தால், விருந்தினரிடம் அதை மறைக்காமல் சொல்லித்தான் தொழில் செய்ய வேண்டும். அடுத்தது, மேலே எந்த ஆறு வந்து விழுகிறது, அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, மரம் வெட்டும் நிறுவனங்களின் திட்ட வரைபடம். பத்து வருடத்தில் உங்கள் ஏரிக்கு ஒரு கிலோமீற்றர் கிட்ட மரத்தெரு ஒன்று வந்தால், விமானத்தில் மட்டும் வரக்கூடிய ஏரி என்று நீங்கள் விற்கிற பொருளே இல்லாமல் போய்விடும். அந்தத் திட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன, கருத்தும் சொல்லலாம்.

உறுதிக்காணி கிடைத்திருப்பது உண்மையில் உங்களுக்கு நல்ல காலம். ஒன்ராறியோவில் 87 வீதம் அரச காணி. அதில் புதிதாக வணிக விடுதிக்கு இடம் வாங்குவது மிகக் கடினம்; பெரும்பாலானவர்கள் பழைய விடுதியை வாங்கித் திருத்துகிறார்கள். ஆனாலும் உங்கள் ஐந்து ஏக்கரைச் சுற்றியுள்ள காடு அரசுடையது, அதற்கு முதல் அது ஒப்பந்த நிலம். கெனோராப் பக்கம் 1873இல் செய்த மூன்றாம் ஒப்பந்தத்துக்குள் வரும். பக்கத்து ஆதிக்குடிச் சமூகத்திடம் போய், காணி வாங்க முதலே கதையுங்கள். அனுமதி கேட்கிற மாதிரி இல்லை, அயலவராகப் போகிறவர் போகிற மாதிரி. எந்த விரிகுடாவில் மீன் முட்டையிடுகிறது, எங்கே காட்டரிசி இருக்கிறது, எந்த இடுக்கில் ஐஸ் ஒருநாளும் தடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, காணி வாங்கியாயிற்று என்று வைப்போம். இனி எல்லாமே கிலோக் கணக்கு. பீவர் என்ற அந்தப் பழைய மிதவை விமானம் 1947இல் முதன்முதல் பறந்தது, இன்றும் இங்கே அதுதான் மாட்டுவண்டி. தூரத்தையும் எரிபொருளையும் பொறுத்து ஒரு தடவைக்கு 500 கிலோ அளவு ஏற்றும். ஓட்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரை அங்குல பிளைவூட் பலகை ஒன்று 18 கிலோ. பெற்றோல் நிரப்பிய 205 லீற்றர் பீப்பாய் ஒன்று 170 கிலோ. பெரிய புரொப்பேன் உருளை நிறைந்தால் 77 கிலோ. ஒரு கபினுக்கு உரிய மரம், கூரைத் தகடு, கண்ணாடி, அடுப்பு, மெத்தை எல்லாம் சேர்த்தால் பல தொன். விமானத்தில் கொண்டுபோனால் மரத்தின் விலையை ஏற்றுக்கூலி தாண்டும். அதனால்தான் கட்டுகிறவர்கள் எல்லாரும் மார்ச் மாதத்தை நம்பியிருக்கிறார்கள்.

மார்ச்சில் பகல் நீளம், குளிர் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஐஸ் தடிப்பாக இருக்கும். ஸ்னோமொபைலின் பின்னால் சறுக்குவண்டி கட்டி இழுக்கலாம். ஐஸ் எவ்வளவு தாங்கும் என்பதற்கு கனடிய தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த லோர்ன் கோல்ட் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: தடிப்பைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 3.5ஆல் பெருக்குங்கள்; வருவது கிலோ. 30 சென்ரிமீற்றர் என்றால் 3,150 கிலோ. இது தெளிந்த நீல ஐஸுக்கு. வெள்ளை ஐஸைப் பாதியாகத்தான் எண்ண வேண்டும். ஓடுகிற சுமைக்குத்தான் இந்தக் கணக்கு. சாமானை ஐஸின் மேல் இறக்கி இரண்டு நாள் விட்டுவைப்பதற்கு இதை நம்பக் கூடாது. நீரோட்டம் உள்ள இடுக்கு, ஆற்றுவாய், பீவர் என்ற விலங்கு கட்டிய வீட்டுப் பக்கம் எல்லாம் எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காது. அங்கே துளைபோட்டு அளக்காமல் காலே வைக்காதீர்கள்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். 15 பலகை பிளைவூட், இரண்டு ஜன்னல், ஒரு விறகடுப்பு ஏற்றிக்கொண்டு ஏரி நடுவில் போனோம். ஐஸ் முக்கால் மீற்றர், அதில் பயமே இல்லை. திடீரென்று வண்டி கனத்தது. பின்னால் பார்த்தால் எங்கள் தடம் சாம்பல் நிறத்தில் ஈரமாக இருக்கிறது. நிறைய பனி விழுந்தால் அதன் பாரத்தில் ஐஸ் கொஞ்சம் கீழே அமிழும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். மேலே இருக்கும் பனி போர்வை போல மூடியிருப்பதால் அது உறையாமல் கஞ்சி மாதிரி கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சமவெளிதான். நின்ற இடத்திலேயே சறுக்குவண்டி கஞ்சிக்குள் இறங்கியது. முழங்கால் வரை நனைந்து, சாமானை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினோம். அன்று இரவு குளிர் கழித்தல் 31 பாகை. விடிய வந்து பார்த்தால் வண்டியும் அடியிலிருந்த நான்கு பலகையும் ஐஸோடு ஐஸாகப் பிடித்துவிட்டன. கோடரியால் வெட்டி எடுக்க ஒரு பகல் முழுக்கப் போனது, அந்த நான்கு பலகையும் போனது. அதற்குப் பிறகு நாங்கள் செய்வது: முதல் நாள் வெறும் ஸ்னோமொபைலால் தடத்தை மிதித்து மிதித்து அழுத்துவோம். போர்வை போன பிறகு ஒரு குளிர் இரவில் அந்தத் தடம் சிமெந்து மாதிரி இறுகும். மறுநாள் அதில் மட்டும்தான் சாமான் போகும். ஒரு நாள் கூடப் போகிறதே என்று பார்க்காதீர்கள்.

அத்திவாரத்துக்கு வந்தால், கல் வெளியே தெரிகிற இடமே நல்ல இடம். கல்லைத் துளைத்துக் கம்பியை இறுக்கி அதன்மேல் தூண் வைத்தால் அசையாது. களிமண்ணில் வைத்தால், நிலம் இரண்டு மீற்றர் ஆழம் வரை உறைந்து, ஒவ்வொரு வசந்தத்திலும் தூண்களை ஒவ்வொரு அளவில் தூக்கிவிடும். மூன்றாம் வருடம் கதவு மூடாது. இறங்குதுறையை நிரந்தரமாகக் கட்ட அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு வசந்தம் உடைந்த ஐஸ் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள், அதுவரை இழுத்து எடுக்கக்கூடிய மிதவைத் துறை போதும்.

கழிவுதான் பலரும் கடைசியாக யோசிப்பது, முதலில் யோசிக்க வேண்டியது. கல்லுக்கு மேல் ஒரு சாண் மண் மட்டும் இருந்தால் கழிவுநீர் எங்கே வடியும்? மணல் கொண்டுவந்து மேடு எழுப்ப வேண்டும், அதையும் விமானத்தில் கொண்டுவர முடியாது. நாளுக்கு 10,000 லீற்றருக்கு உட்பட்ட அமைப்புக்குக் கட்டடச் சட்டக்கோவையின் எட்டாம் பகுதி பொருந்தும். வடிநிலம் ஏரியிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். உங்கள் பகுதிச் சுகாதாரப் பிரிவு ஆய்வாளரை, காணி வாங்குவதற்கு முதலே ஒருதரம் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் போங்கள். எட்டுக் கட்டில் என்றால் கபினுக்குக் கபின் குளியலறை தேவையில்லை. நல்ல நிலக் கழிப்பறைகளும், சுடுதண்ணீர் வருகிற ஒரு பொதுக் குளியல் கட்டடமும் போதும். 16 கட்டில் வைத்தால் இந்தச் சுகம் போய்விடும். குடிக்கிற தண்ணீரும் அப்படித்தான். ஏரித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் பீவர் காய்ச்சல் என்கிற வயிற்றுப்போக்கைத் தருகிற கிருமி அதில் இருக்கலாம். நுண்வடி ஒன்றும் புற ஊதா விளக்கும் வேண்டும், விருந்தினருக்குக் கொடுப்பதால் சுகாதாரப் பிரிவின் சோதனையும் உண்டு. ஒக்ரோபரில் எல்லாக் குழாயையும் காற்றடித்துக் காலியாக்க வேண்டும். ஒரு முழங்கை வளைவில் அரைக் கோப்பைத் தண்ணீர் நின்றால் போதும், வசந்தத்தில் சுவருக்குள் மழை பெய்யும்.

மின்சாரத்துக்கு இப்போது சோலாரும் சின்ன ஜெனரேற்றரும் சேர்த்து வைப்பது நல்லது. லித்தியம் பற்றறி வாங்கினால் ஒன்றை மறக்க வேண்டாம்: பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணினால் பழுதாகும். ஆளில்லாத சனவரியில் வெயில் அடித்தால் தகடு தன் வேலையைச் செய்யும், பற்றறி செத்துப்போகும். மூடிவிட்டு வரும்போது தகட்டின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். பிக்கரல் பருவம் மே மாத மூன்றாம் சனிக்கிழமை திறக்கும். செப்ரெம்பர் முடிவோடு விருந்தினர் வரத்து நிற்கும். ஏப்ரல் கடைசியிலும் நவம்பரிலும் சில கிழமைகள் ஐஸ் பறக்கவும் விடாது நடக்கவும் விடாது. அந்த நேரம் உள்ளே இருந்தால் உள்ளேதான். கட்டட வேலைக்கு மிஞ்சுவது ஐந்து மாதம், அதில் மே கடைசியும் யூனும் கடிக்கிற கறுப்பு ஈயும் நுளம்பும் முகத்தை மூடாமல் வேலை செய்ய விடாது. இருவர், மார்ச்சில் ஏற்றி வைத்த சாமானோடு, ஒரு கோடையில் 20க்கு 24 அடிக் கபின் ஒன்றை முடிக்கலாம். அதற்கு மேல் செய்தவர்களையும் கண்டிருக்கிறேன், அவர்களுக்குக் கூலியாள் இருந்தார்கள். முதல் கோடை கூடாரத்தில் இருந்து இடத்தைப் படிக்கவும் கழிவு, துறை வேலைக்கும் போகும். இரண்டாம் கோடையில் நீங்கள் இருக்கும் வீடும் குசினியும். மூன்றாம், நான்காம் கோடையில் ஒவ்வொரு கபின். நான்காம் வருடத்திலேயே முதல் கபினுக்கு விருந்தினரை எடுக்கலாம். எட்டுக் கட்டிலோடு ஒழுங்காக நடக்க ஐந்து வருடம். நான்கு கபின் என்றால் ஏழு வருடம், அதுவும் கட்டிக்கொண்டே விருந்தினரையும் பார்ப்பது. விருந்தினர் இருக்கும்போது காலை ஏழு மணிக்கு நீங்கள் வாள் போட முடியாதே.

வேலையை இருவரும் எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டுகிறவர்தான் கண்ணில் படுவார். எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில் சாமான் அறைக் கதவின் உட்பக்கம் தச்சர் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருக்கும். முட்டை ஒரு தட்டு 1.9 கிலோ. கோதுமை மா 20. பன்றி வாட்டல் ஒரு பெட்டி இவ்வளவு, வெங்காயம் ஒரு மூட்டை இவ்வளவு. அந்த வீட்டு அம்மா 22 வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமை விமானத்துக்கும் நிறையைக் கூட்டி விமானி கேட்க முதலே சொல்லிவிடுவார். ஒருநாளும் 10 கிலோ கூடப் பிழைத்ததில்லையாம். விடிய நாலரைக்கு மா பிசைந்து, காலைச் சாப்பாடு கொடுத்து, விரிப்புத் தோய்த்து, அடுத்த வருடப் பதிவுகளுக்கு மின்னஞ்சல் எழுதி, இரவு பத்துக்கு மீன் வெட்டும் கொட்டிலைக் கரடி வராமல் கழுவிப் பூட்டியது அவர்தான். கணவர் எஞ்சினையும் வள்ளத்தையும் பார்த்தார். தன் வேலையை எடுத்துச் செய்ய வேறு ஆள் இல்லை என்பதுதான் தனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது என்று அவர் எனக்குச் சொன்னார். காய்ச்சல் என்றாலும் எழும்ப வேண்டும். நான் பார்த்தவரை, இருவராகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் கட்டட வேலையில் விடவில்லை. நடத்தத் தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வருடத்தில் விட்டார்கள். ஆகவே முதல் வருமானம் வந்தவுடன் இன்னொரு கபினுக்கு மரம் வாங்காமல், குசினிக்கு ஓர் உதவியாளை எடுங்கள்.

பணத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு முழுப் பருவம் ஒருவரும் வராமல் போனாலும் தாங்குகிற அளவு கையிருப்பு வேண்டும். இங்கே விருந்தினரில் பெரும்பகுதி மினசோட்டா, விஸ்கொன்சின், இலினோய் பக்கத்து அமெரிக்கர். 2020 மார்ச்சில் எல்லை மூடியது. தடுப்பூசி போட்ட அமெரிக்கருக்கு 2021 ஓகஸ்ட் 9 தான் திறந்தது. இரண்டு பருவம் போயிற்று. அதே 2021இல் ஒன்ராறியோவில் 8 லட்சம் ஹெக்டேருக்குக் கிட்ட காடு எரிந்தது, பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். கடன் வாங்கிப் பெரிதாகக் கட்டியவர்களுக்கு அந்த நேரம் மிகவும் கடினமாக இருந்தது. கடன் இல்லாத சின்ன இடங்கள் கதவைப் பூட்டிவிட்டு, விறகு வெட்டிக்கொண்டு காத்திருந்தன. அதோடு, ரொறன்ரோவில் எங்கள் சனம் இப்போது நிறைய மீன் பிடிக்கப் போகிறார்கள். குடும்பமாக வந்து, பிடித்த பிக்கரலை அன்றே குழம்பு வைத்துச் சாப்பிடுகிற விருந்தினர் ஓகஸ்டில் வந்தால், அமெரிக்கர் குறைகிற கிழமைகள் நிரம்பும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இது வெறும் எண்ணம்தான், இதை நம்பிக் கட்டில் கூட்டாதீர்கள். இங்கே வர காரில் இரண்டு நாள் எடுக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வேலையை விட முதல் ஒன்று செய்யுங்கள். பல விடுதிகள் ஒவ்வொரு கோடைக்கும் கணவன் மனைவியாகவே வேலைக்கு எடுக்கின்றன, ஒருவர் வெளிவேலைக்கு, மற்றவர் குசினிக்கு. மே முதல் செப்ரெம்பர் வரை அப்படி ஓரிடத்தில் இருந்து பாருங்கள். சம்பளம் பெரிதாக இல்லை, ஆனால் சாப்பாடும் இடமும் கிடைக்கும், இதற்குள் காணிக்காரரிடம் ஒரு சின்ன முற்பணத்தோடு தவணை கேட்கலாம். அதற்கு முதல் அந்த ஏரியின் பெயரைப் போட்டு ஆழ வரைபடத்தையும் மீன் உண்ணும் வழிகாட்டியில் பிக்கரலுக்கு என்ன போட்டிருக்கிறது என்பதையும் எடுங்கள். சராசரி ஆழமும் அந்த அட்டவணையும் கிடைத்ததும் இந்தக் கேள்விக்குக் கீழேயே இடுங்கள். எட்டுக் கட்டிலா, ஆறா என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.